எல்லையில் வந்து அழைக்கிறோம்

பூவிழிக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

பெண் வீடு பாண்டிச்சேரியில் கருவடிக்குப்பம். மாப்பிள்ளை வீடு வடக்கே, தமிழ்நாட்டில், மரக்காணம் தாண்டி ஒரு கிராமம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் பிடித்து வருகிறார்கள்.

"எல்லையிலயே வந்து உங்கள அழைச்சிக்கறோம்" என்று பூவிழியின் அப்பா இராமதாஸ் முந்தின வாரம் போனில் சொல்லியிருந்தார். ஒரு மரியாதைக்குச் சொன்னது. மறுமுனையில் இருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் சக்கரபாணி. அவர் மரியாதையை எழுத்துக்கு எழுத்து வாங்கிக்கொள்பவர்.

மாப்பிள்ளை நிலவனைப் படிக்கவைத்தவர் அவர். அவனுக்குப் பார்த்த இரண்டு இடங்களை நிறுத்தியவரும் அவர்தான். ஓர் இடத்தில் காப்பியைப் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் பெண்ணின் அப்பா உட்கார்ந்தபடியே வாங்க என்றார். இரண்டு தடவையும் சக்கரபாணி எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள்.

அப்போது நிலவன் வருத்தப்படவில்லை. பூவிழியை அவன் பார்த்தது அதற்கப்புறம், அம்மாவைக் கோரிமேட்டில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்து வந்தபோது. அங்கே அவளுக்கு வேலை. இந்தத் தடவை மாமா எழுந்தால் தான் எழப்போவதில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தான். பூவிழி அதைப் பாதி நம்பினாள்.

மூன்று மணிக்கு இராமதாஸ் எல்லையில் நின்றார். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். ஆனாலும் டாட்டா ஏஸில் போயிருந்தார். கூட்டமும் தட்டும் மேளமும் இருந்தால்தான் மரியாதை என்று வீட்டில் ஓர் ஆளை விடாமல் ஏற்றிக்கொண்டார். மணப்பெண் மட்டும் வீட்டில் இருந்தாள்.

அவர் சக்கரபாணிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எங்க வந்துட்டீங்க?"

"எல்லைக்கு வந்துட்டோம். நீங்க எங்க?"

"நாங்களும் எல்லையிலதான் நிக்கறோம்."

இராமதாஸ் இப்படியும் அப்படியும் பார்த்தார். வேன் எதுவும் இல்லை.

"புதுச்சேரி வரவேற்கிறதுன்னு போர்டு தெரியுதாண்ணே?"

"அதுக்குக் கீழதான் நிக்கறேன்."

"நானும் அதுக்குக் கீழதான் நிக்கறேன்."

"பிராந்திக் கடை?"

"இருக்குது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும்."

"இங்கயும் ரெண்டு பக்கமும்."

"பெட்ரோல் பங்க்?"

"இருக்குது. தமிழ்நாட்டு வண்டியா நிக்குது."

"இங்கயும் அப்படித்தான். சரி, கடல் எந்தப் பக்கம் இருக்குது?"

"கெழக்க."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த ஆதிலட்சுமி கணவரிடமிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணே, பக்கத்துல டீக்கடைக்காரர்கிட்ட ஊர் பேரக் கேளுங்க."

கேட்டார்கள். கனகசெட்டிக்குளம்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. வடக்கிலிருந்து வரும் சாலை கனகசெட்டிக்குளத்தில் பாண்டிக்குள் நுழையும். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி வரை பாண்டி. பிறகு மனம் மாறித் தமிழ்நாட்டுக்குள் போகும். கோட்டக்குப்பம் முடிந்ததும் மறுபடி பாண்டி. டவுனில் இருப்பவர்களுக்குக் கோட்டக்குப்பம் தாண்டினால்தான் ஊர். நடுவில் வரும் பாண்டியை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அது எல்லை இல்லண்ணே" என்றார் இராமதாஸ். "அது சும்மா வந்துட்டுப் போற பாண்டி."

"வந்துட்டுப் போற பாண்டியா? இங்க இருக்கறவங்க யாருக்கு ஓட்டுப் போடறாங்க?"

"பாண்டிக்குத்தான்."

"கரண்ட் பில்லு?"

"பாண்டிக்குத்தான்."

"அப்ப எல்லை இதுதான். நீங்க எல்லைன்னு சொன்னீங்க, நான் எல்லையில நிக்கறேன்."

"கொஞ்சம் முன்னால வாங்கண்ணே. கோட்டக்குப்பம் தாண்டினா நாங்க நிக்கறோம்."

"அழைக்காம உள்ள வரச் சொல்றீங்க."

போன் வைக்கப்பட்டது. இனி இங்கிருந்து யாரும் போன் பண்ணக் கூடாது, அவர்களாக வரட்டும் என்று சக்கரபாணி வேனில் அறிவித்தார்.

வேன் போர்டுக்கு முன்னால், தமிழ்நாட்டுப் பக்கத்தில் நின்றது. சக்கரபாணி நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிற்கிற இடம் அவருக்குச் சொந்த இடம் மாதிரி. இறங்கி, செருப்பால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"இதோ, இது நம்ம தார். அது அவன் தார். கலர் தெரியுதா? நான் சின்ன வயசா இருந்தப்ப இது ரோடே கெடையாது. ஊருக்கு ஊரு ஒரு துண்டு. நடுவுல மணலு. மீன் கூடைக்காரங்க நடந்து போவாங்க. அப்பறம் துண்டத் துண்டத் தச்சு ஒரே ரோடு ஆக்கினோம். எங்க ஆளு இதோ இந்த எடத்துல ரோலர நிறுத்துவான். ஒரு அடி அந்தப் பக்கம் போக மாட்டான். தார் மிச்சம் இருந்தாலும் போக மாட்டான்."

"அந்தப் பக்கம் யார் போடுவா?" என்றாள் நிலவனின் அம்மா ராஜாம்பாள்.

"அவன் போடுவான். அவன் போடறதுக்குள்ள நம்முது பேந்துடும். நாம திரும்பப் போடறதுக்குள்ள அவனுது பேந்துடும். ரெண்டும் ஒண்ணா நல்லா இருந்து நான் பாத்ததே இல்ல. இதே ரோட்டுல இன்னும் போனா கடலூரு நம்முது. அதுக்கும் கீழ போனா காரைக்கால், மறுபடி பாண்டி."

"எதுக்கு இப்படித் துண்டு துண்டா வெட்டி வெச்சாங்க?"

"அந்தக் காலத்துல ஒரு ஊரு பிரெஞ்சுக்காரன் கையில, பக்கத்து ஊரு வெள்ளைக்காரன் கையில. அப்படியே நின்னுபோச்சு."

நிலவனின் அப்பா மண்ணாங்கட்டி உப்பளத்துக்காரர். அதிகம் பேசாதவர். "சீட்டாடித் தோத்திருப்பானுங்க" என்றார். அன்று அவர் பேசியதில் நீளமான பேச்சு அது.

நிலவன் வேனுக்குப் பின்னால் போய்ப் பூவிழிக்குப் போன் போட்டான்.

"உன் மாமா இன்னா சொல்றாரு?" என்றாள்.

"அழைக்காம உள்ள வர மாட்டாராம். நாலு மணி வரைக்கும் பாப்பாராம். அப்பறம் வண்டியத் திருப்பச் சொல்லுவாரு."

"நீ?"

"நான் ஏறி உக்கார மாட்டேன்."

"ரோட்டுல நிப்பியா?"

"நிப்பேன்."

"நின்னு? பஸ் புடிச்சு வந்து நீயே தட்டு மாத்திக்குவியா?"

பூவிழி கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ வைத்தாகிவிட்டது. ஒரு காதில்தான் ஜிமிக்கி.

"நிலவா, உன் மாமாகிட்ட ஒண்ணு கேளு. அங்கேருந்து முன்னால வந்தா பிள்ளைச்சாவடிக்கு அப்பறம் இன்னா ஸ்டேட்டு?"

"தமிழ்நாடு."

"அப்ப பாண்டிய விட்டு வெளிய போயிட்டீங்கதானே. வெளிய போயிட்டா உள்ள வந்தது கணக்கு இல்ல. கோட்டக்குப்பத்துல தமிழ்நாட்டுக்காரங்களா வந்து நில்லுங்க. எங்க அப்பா அழைப்பாரு."

நிலவன் போய்ச் சொன்னான். யோசனை தன்னுடையது என்று சொன்னான். சக்கரபாணி தாரைப் பார்த்தபடி யோசித்தார். முன்னால் போவதே வெளியே போவதா என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றான். இந்த ரோட்டில் மட்டும்தான் அது நடக்கும் என்றார் சக்கரபாணி. அதில் ஒரு பெருமையும் இருந்தது.

"ஆனா அவங்ககிட்ட சொல்லாத. நாம எறங்கி வந்த மாதிரி ஆயிடும். போயி நிப்போம்."

வேன் கிளம்பியது.

அதே நேரத்தில் கருவடிக்குப்பம் எல்லையில் ஆதிலட்சுமி கணவரைப் பார்த்து, "மில்லுல வேலை செஞ்சப்ப வீம்பு புடிச்ச, மில்ல மூடினான். இப்ப பொண்ணுக்கு வீம்பு புடிக்கற" என்றாள். மில் மூடியதற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதைப் பேச அது நேரம் இல்லை. இராமதாஸ் ஏஸில் ஏறினார்.

"சொல்லிட்டுப் போலாமா?" என்றாள் ஆதிலட்சுமி.

"வேணாம். திடீர்னு போயி நின்னாத்தான் மரியாதை."

மேளக்காரர்களை வாசித்தபடியே வரச் சொன்னார்.

கோட்டக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சென்னைக் கார்கள் நகர்ந்தும் நகராமலும் நின்றன. வேனில் ஏசிக்காகத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். முன் சீட்டில் இருந்த சக்கரபாணிக்கு மட்டும் எதிர்ச்சாரியில், ஒரு லாரிக்குப் பின்னால், தவில்காரரின் முதுகு தெரிந்தது.

"எவனோ பொண்ணு வீட்டுக்காரன், மேளத்தோட முறையா எல்லைக்குப் போறான் பாரு" என்றார். "இவங்களும் இருக்காங்களே."

மூன்றே முக்கால் சுமாருக்குப் பூவிழிக்கு மறுபடி போன் வந்தது.

"வந்துட்டோம்" என்றான் நிலவன். "இங்க யாரும் இல்ல."

"நல்லாப் பாரு. மஞ்சச் சட்டை போட்டுக்கினு அப்பா நிப்பாரு."

"போர்டு இருக்குது. பிராந்திக் கடை இருக்குது. உங்க அப்பா இல்ல."

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேளத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. அம்மாவுக்குப் போட்டாள். எடுத்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"காலாப்பட்டு தாண்டிட்டோம். அவங்களுக்குச் சொல்லாத. திடீர்னு போயி நிக்கப் போறோம்."

பூவிழி கண்ணை மூடித் திறந்தாள்.

"அம்மா, வண்டியத் திருப்பச் சொல்லு. அவங்க இங்க இருக்காங்க."

கருவடிக்குப்பம் எல்லையில் நிலவன் டீக்கடை வாசலில் நின்றான். சக்கரபாணி கையில் ஒரு டீ. கண்ணாடி கிளாஸ்தான். "இந்த டீ முடியற வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லியிருந்தார். ராஜாம்பாள் கடைக்காரரிடம் முன்கூட்டியே போய், நன்றாகக் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கும்படி சொல்லியிருந்தாள். சக்கரபாணி ஊதிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பூவிழி ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். தண்ணீர் சிவந்தது. தட்டில் ஊற்றினால் ஸ்கூட்டரில் நிற்காது. எனவே அதை வேலைக்குக் கொண்டுபோகும் ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி மூடினாள். தட்டையும் கற்பூரத்தையும் வெற்றிலையையும் சீட்டுக்கு அடியில் வைத்தாள். ஹெல்மெட் போட்டால் பூ நசுங்கும். போட்டுக்கொண்டாள்.

பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்குவதைப் பிராந்திக் கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தட்டை எடுத்து சீட்டின் மேல் வைத்தாள். பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். வெற்றிலையைப் போட்டு அதன் மேல் கற்பூரத்தை வைத்தாள். தீப்பெட்டி இல்லை. பிராந்திக் கடைப் பக்கமிருந்து ஒருவர் தானாக வந்து லைட்டர் நீட்டினார்.

சக்கரபாணி கிளாஸோடு எழுந்தார். பெண் பார்க்கப் போனபோது அவளைப் பார்த்திருக்கிறார். ஹெல்மெட்டோடு பார்த்ததில்லை.

"யாரும்மா நீ?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"பொண்ணு."

"பொண்ணு வீட்டுக்காரங்க எங்க?"

"நான் பொண்ணு வீடுதான்."

"பெரியவங்க யாரும் இல்லையா?"

"உங்கள அழைக்கறதுக்குக் கனகசெட்டிக்குளம் போயிருக்காங்க பெரியப்பா. நீங்க நிக்கற எடத்துக்கே வந்து அழைக்கணும்னு."

பெரியப்பா என்ற சொல் சக்கரபாணியின் காதில் விழுந்தது. எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். மருமகளாக வரும் பெண்களும் அப்படியே கூப்பிட்டுத் தவறு செய்வார்கள். கணவனுக்குத் தாய்மாமன் மனைவிக்குப் பெரியப்பா முறை. இதை அவர் பல வீடுகளில் சொல்லித் திருத்தியிருக்கிறார். திருத்த வேண்டியிராத முதல் பெண் இவள்.

"அப்ப கோட்டக்குப்பத்துல மேளத்தோட போனது?"

"எங்க அப்பா."

சக்கரபாணி கிளாஸைக் கீழே வைத்தார். அதில் இன்னும் பாதி இருந்தது.

"மண்ணாங்கட்டி, வா. ராஜாம்பா, அவன் பக்கத்துல நில்லு. டேய் மாப்ள, நீ நடுவுல வா. அழைக்கறாங்க இல்ல?"

பூவிழி தட்டைச் சுற்றினாள். மாப்பிள்ளைக்குத் தானே ஆரத்தி எடுக்கும் பெண்ணை ராஜாம்பாள் அதுவரை பார்த்ததில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தாள். பூவிழி நிலவனுக்குப் பொட்டு வைத்தாள். "ஒரு காதுலதான் ஜிமிக்கி இருக்குது" என்றான் அவன். "பேசாம நில்லு" என்றாள்.

அவர்கள் பாண்டிக்குள் நுழைந்தார்கள். நாலு தப்படி.

நாலேகாலுக்கு மேல் வடக்கிலிருந்து மேளம் கேட்டது. ஏஸ் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றது. இராமதாஸ் குதித்து இறங்கி, கையைக் கூப்பியபடி ஓடி வந்தார்.

"அங்கயே நில்லுங்க" என்றார் சக்கரபாணி.

இராமதாஸ் நின்றுவிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு இருக்கட்டும். மணி இன்னா ஆவுது? வீட்டுக்குப் போயி, பாய் விரிச்சு, ஒக்காந்து பேசறதுக்குள்ள ராகு காலம் வந்துடும். தட்டு வண்டியில இருக்குதா?"

"இருக்குது."

"எடுங்க. எங்க தட்டும் வேன்ல இருக்குது. இங்கயே மாத்திடலாம்."

"இங்கன்னா?" என்றார் இராமதாஸ். "எந்தப் பக்கம்?"

சக்கரபாணி தாரைப் பார்த்தார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆதிலட்சுமி தட்டை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். அவர் தமிழ்நாட்டில் நின்று நீட்டினார். மண்ணாங்கட்டி பாண்டிச்சேரியில் நின்று நீட்டினார். சக்கரபாணி ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு, தேங்காய் உருளாமல் பிடிக்கும்படி இருவருக்கும் சொன்னார். மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

பின்னால் சென்னை பஸ் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. தூங்கி எழுந்த ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பாண்டி வந்துடுச்சா?"

கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார்.

"இருங்க" என்றார். "தட்டு மாத்திட்டா வந்துடும்."