வண்டி வருதும்மா

எங்கள் பள்ளிக்கூடத்தை எவன் அந்த இடத்தில் கட்டினானோ, அவன் தோளில் என் புத்தகப்பையை மாட்டி ஒரு தடவை ரோட்டைத் தாண்டிக் காட்டு என்று சொல்ல வேண்டும். ஊர் இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், நடுவில் நாலுவழிச் சாலை. பள்ளிக்கூடத்தை ஒட்டி இருப்பது விழுப்புரம் போகிற ரோடு. ஊரை ஒட்டி இருப்பது திண்டிவனம் போகிற ரோடு. இரண்டுக்கும் நடுவே அரளிச் செடி வைத்த மேடு. அதில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு சந்து. சுரங்கப்பாதை கேட்டு ஊரே மறியல் செய்தது. அதிகாரி ஒருவர் வந்தார், டேப் பிடித்து அளந்தார், டீ குடித்தார், போய்விட்டார்.

சுரங்கப்பாதை வரவில்லை. அதற்குப் பதிலாகப் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு மன்றம் வந்தது. அதில் நாங்கள் மூன்று பேர். சூர்யகலாவாகிய நான், ஃபர்ஹீன், கொளஞ்சி. மூவரும் பதினோராம் வகுப்பு. ஃபர்ஹீன் கோட்டக்குப்பத்துப் பெண். அவள் அம்மாவுக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அப்பா துபாயில் இருக்கிறார். கொளஞ்சி எங்கள் தெருப் பையன். அவன் அம்மா அஞ்சம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பின்னால் இருக்கும் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போனவள், திரும்பி வரும்போது விழுப்புரம் ரோட்டைத் தாண்டிவிட்டாள். திண்டிவனம் ரோட்டில் கால் வைத்ததும் பஸ் அடித்துவிட்டது. மன்றத்தில் யார் சேருகிறீர்கள் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவன் கொளஞ்சிதான். அவனைத் தனியாக விட மனமில்லாமல்தான் நானும் தூக்கினேன்.

பி.டி. மாஸ்டர் அந்தோணிசாமி எங்களுக்கு ஆளுக்கொரு மின்னுகிற பச்சைக் கோட்டு, ஒரு விசில், 'நில்' என்று எழுதிய ஒரு பலகை கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"யாரா இருந்தாலும் சரி, பாதி ரோட்டுல நிக்க வெச்சிட்டு வரக்கூடாது. அந்தாண்ட கொண்டுபோய் வுட்டுட்டுத்தான் திரும்பணும். மீறினீங்க, தோல உரிச்சிருவேன்."

அவர் உயிருள்ளவர்களை நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அரளிச் சந்தில் லுங்கி கட்டிய ஒரு ஆள் காலி பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றான். ஃபர்ஹீன் போய் அவன் கையைப் பிடித்தாள்.

"வாங்கண்ணே, வண்டிய நிறுத்திட்டோம்."

"லாரிக்கு தண்ணி புடிக்க எறங்கினேன்மா. டிரைவர் திட்டிக்கினு இருப்பாரு" என்றான்.

கூட நடந்து வந்தான். ஊர்ப்பக்கத்து மண்ணில் கால் வைத்தான். அவ்வளவுதான், ஆளைக் காணோம். ஃபர்ஹீன் நீட்டிய கையோடு நின்றாள். நான் புத்திசாலித்தனமாக ரோட்டோர வாய்க்கால் வாராவதிக்குக் கீழே குனிந்து தேடினேன். மாஸ்டர் தூரத்தில் இருந்து கத்தினார். "யாருமே தாண்டாதப்ப எதுக்குடி பஸ்ஸ நிறுத்துறீங்க?"

ஃபர்ஹீனுக்குக் காய்ச்சல் வந்து, அவள் அம்மா தாயத்துக் கட்டினார். கொளஞ்சி டீக்கடையில் விசாரித்துக்கொண்டு வந்தான். நாலுவழிச் சாலை போட்ட புதிதில் ராஜ்குமார் என்று ஒரு லாரி கிளீனர் அதே இடத்தில் அடிபட்டுச் செத்திருக்கிறான். லுங்கி, பாட்டில், எல்லாம் சரியாக இருந்தது.

அன்றைக்கே நான் கோட்டைக் கழற்றி மாஸ்டர் மேஜையில் வீசியிருப்பேன். கொளஞ்சிதான் விடவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். நாங்கள் மன்றத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம். கோட்டைப் போட்டால் அந்த ரோட்டில் செத்தவர்கள் தெரிவார்கள், கழற்றினால் வெறும் அரளிதான். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் அவர்களால் நகர முடியும். கூட்டிப்போகாவிட்டால் மறுநாளும் அதே ஆள் அதே இடத்தில் நிற்பார். முந்தின நாள் எங்களைப் பார்த்த ஞாபகம் இல்லாதவர்போல முதலில் இருந்து பேசுவார். செத்தவர்களுக்கு நேற்று என்று ஒன்று இல்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

பயம் போய்விடவில்லை, பழகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்து செத்த புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு நின்றார்கள். குழந்தையை ஃபர்ஹீன் வாங்கிக்கொண்டாள். கரையேறியதும் அவள் கையில் ஒன்றும் இல்லை. எப்போதும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பவள், அதற்குப் பிறகு பாடி நான் கேட்கவில்லை. எனக்கும் முன்னால் மாதிரி கோபம் வரவில்லை. கோபம் வருவதற்குக்கூட மனசில் கொஞ்சம் இடம் வேண்டும்.

வருகிறவர்கள் செத்த வரிசைப்படி வருகிறார்கள் என்று கண்டுபிடித்தவன் கொளஞ்சி. அதில் இருந்து அவன் ஆளே மாறிப்போனான். கடைசி மணி அடிக்கும் முன்பே கோட்டோடு நிற்பான். "ஜல்தி வாங்கடி, ஜல்தி" என்று எங்களை விரட்டுவான். அவன் எதற்கு அவசரப்படுகிறான் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அஞ்சம்மாள் நின்றாள். புடவைக்கு மேலே புருஷனின் பழைய சட்டை, தலையில் துண்டு, காலெல்லாம் செம்மண், மடியில் ஒரு பிடி மல்லாட்டை. கொளஞ்சியைப் பார்த்ததும் வழக்கம்போலத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

"டேய், இன்னும் வூட்டுக்குப் போவலியா நீ? இங்க இன்னாத்துக்குடா நின்னுக்கினு இருக்க? வா, என்னைய அந்தாண்ட கூட்டிக்கினு போ. நேரமாவுது, ஒல வெக்கணும்."

திண்டிவனம் ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருந்தது. கொளஞ்சி அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"இரும்மா. வண்டி வருது" என்றான்.

அவள் சட்டென்று ஒரு அடி பின்வாங்கி அரளியோரம் நின்றுகொண்டாள். அவளுக்கு வண்டி என்றால் பயம் இருக்காதா? அவன் பக்கத்தில் போய் நின்று பேச ஆரம்பித்தான். கணக்கில் வாங்கிய மார்க், அப்பா வைக்கிற குழம்பு தண்ணீராக இருப்பது, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது. மாஸ்டர் விசில் ஊதிக் கூப்பிடுகிறவரை பேசினான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாளும் அவள் கேட்டாள். "என்னைய அந்தாண்ட கூட்டிக்கினு போடா." அவனும் சொன்னான். "இரும்மா, வண்டி வருது." அதற்கடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். மாசி பிறந்தது. மாஸ்டரிடம் நான்தான் புளுகினேன், பலகையைத் துடைக்கிறோம் சார், செடிக்குத் தண்ணி விடுறோம் சார் என்று. அவனுக்கு அம்மா கிடைத்திருக்கிறாள், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

நஷ்டம் யாருக்கு என்று பிறகு தெரிந்தது. வரிசை நகராமல் நின்றதாலோ என்னவோ, ஒரு நாள் அஞ்சம்மாளின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலை தெரிந்தது. எங்கள் பள்ளிச் சீருடை. ஆறாம் வகுப்பு தீனதயாளன். அஞ்சம்மாளுக்குப் பிறகு, போன வருஷம் அடிபட்ட பையன். அவன் அம்மா கிருஷ்ணவேணி இன்றைக்கும் பள்ளி விடுகிற நேரத்துக்கு ஊர்ப்பக்கத்து நிழற்குடையில் வந்து நிற்பாள். கடைசிப் பிள்ளையும் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் பள்ளிக்கூட கேட்டையே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள். வராதே என்று சொல்ல ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

"அக்கா, எங்கம்மா அதோ நிக்குது" என்றான் பையன் என்னிடம். "நான் எப்ப போறது?"

அஞ்சம்மாள் அவன் தலையைத் தடவி, மடியில் இருந்து மல்லாட்டை எடுத்துக் கொடுத்தாள். கொளஞ்சி எதுவும் காதில் விழாதவன்போலத் தன் கதையைப் பேசிக்கொண்டிருந்தான்.

கோட்டைக் கழற்றும்போது ஃபர்ஹீன் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதி ரோட்டுல யாரையும் நிக்க வெக்கக்கூடாதுடா. நீ ரெண்டு பேர நிக்க வெச்சிருக்க."

"ஒனக்கு இன்னா தெரியும்? ஒனக்கு அம்மாவும் கீது, அப்பாவும் கீறாரு."

"எங்க அத்தாவ நான் தெனமும் போன்லதான்டா பாக்குறேன். அவரு சாப்புடுறத பாக்குறேன், தூங்குறத பாக்குறேன். பாத்துக்கினே இருந்தா வந்துட்ட மாதிரி ஆயிருமா?"

"வாய மூடுடி" என்று நான்தான் கத்தினேன். அவள் சொன்னது தப்பு என்பதற்காக இல்லை. அது சரி என்று தெரிந்ததால் கத்தினேன். என் அம்மாவாக இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

எதிரே கிருஷ்ணவேணி நிழற்குடையை விட்டு வெளியே வந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தனியாக ஊருக்குள் நடந்து போனாள். தெரு திரும்புகிறவரை கொளஞ்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தலை வாரி, துவைத்த சட்டை போட்டு வந்தான். பலகையைத் தானே எடுத்துக்கொண்டான்.

"சூர்யா, நீ கூட்டிக்கினு போ. நான் கையப் புடிச்சன்னா வுட மாட்டேன்."

அன்றைக்கும் அஞ்சம்மாள் கேட்டாள், நேரமாவுது என்று. ரோட்டில் நிஜமாகவே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. விழுப்புரத்தில் இருந்து வரும் பஸ், அதன் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு கார். கொளஞ்சி ரோட்டில் இறங்கி விசில் ஊதிப் பலகையைத் தூக்கினான். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"போம்மா" என்றான். "வண்டி நின்னுச்சு. நீ போ."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னத்தைத் தொடுவதற்குக் கையைக் கொண்டுபோய், என்ன நினைத்தாளோ, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"சரிடா கண்ணு. போறேன்."

அவள் கையைப் பிடித்தேன். காய்த்துப்போன கை, ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. பாதி தாண்டியிருப்போம். என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்.

"பொண்ணே, ரோடு தெனமும் காலியாத்தான் இருந்துச்சு."

எனக்குக் கால் நின்றுவிட்டது.

"நட, நட. எனக்குக் கண்ணு இல்லியா? மொத நாளே தெரியும், வண்டி வரலன்னு. அவன் வருதுன்னு சொல்லிட்டு என் மூஞ்சியப் பாப்பான் பாரு, அப்ப அஞ்சு வயசுப் புள்ளையாட்டம் இருப்பான். எப்படி நான் போறது? அதான் தெனமும் புதுசா கேக்குற மாதிரி கேட்டுக்கினு நின்னேன். இந்தச் சின்னப் புள்ளைய நெனைச்சாத்தான் பாவமா இருந்துச்சு. இன்னிக்குத்தான் அவனே போவச் சொன்னான்."

"நாங்க... ஒங்களுக்கு நேத்தைக்கு நடந்தது தெரியாதுன்னு..."

"அவங்கிட்ட சொல்லாத. ஒடிஞ்சு பூடுவான். வேளைக்கு சாப்புடச் சொல்லு."

அடுத்த அடியில் மண் வந்துவிட்டது. என் கையில் ஈரம்கூட இல்லை.

ஃபர்ஹீன் காத்திருக்கவில்லை. ரோடு நின்றிருக்கும்போதே தீனதயாளனையும் கூட்டி வந்தாள். கரைக்கு வந்ததும் அவள் கையை உதறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினான். இடுப்பைக் கட்டிக்கொள்ளக் கை விரித்த இடத்தில் மறைந்துபோனான். கிருஷ்ணவேணிக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் வருகிறாள்.

பஸ்காரன் ஆரன் அடித்தான். "டேய், ஒங்கப்பன் வூட்டு ரோடாடா இது?" கொளஞ்சி பலகையை இறக்கவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே நின்றான். நான் திரும்ப ஓடி, அவன் கையை இழுத்து இறக்கி, ஓரத்துக்குக் கூட்டி வந்தேன். வண்டிகள் எங்களைத் திட்டிக்கொண்டே போயின.

வாராவதிக் கட்டையில் உட்கார வைத்தேன்.

"இன்னா சொன்னுச்சு?" என்றான்.

"வேளைக்கு சாப்புடச் சொன்னுச்சு."

"ரொம்ப நேரம் பேசிக்கினு போனீங்களே. வேற இன்னா?"

சொல்லாதே என்றுதான் அவள் கேட்டுக்கொண்டாள். செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் நான் சரி என்று சொல்லவே இல்லை. அவள் சொன்னது அவனுக்குச் சேர வேண்டியது, அதை மடியில் கட்டிக்கொள்ள நான் யார்?

"வண்டி வரலன்னு அதுக்கு மொத நாளே தெரியுமாம்டா. தெரிஞ்சேதான் நின்னுச்சாம். நீ நிக்கச் சொன்ன இல்ல, அதுக்காவ."

அவன் என் முகத்தையே பார்த்தான். நம்பவில்லையோ, புரியவில்லையோ என்று நினைத்தேன். மேட்டில் அரளி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

"காலையில இருந்து மல்லாட்ட புடுங்கிட்டு வந்த காலு" என்றான். "அத்தினி நாளு நின்னா வலிச்சிருக்குமே சூர்யா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.