லாக்அவுட் ஆகாத முதலாளி

மெத்தைக் கடைப் பெரியவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

முந்தின நாள் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், போனில் சீண்டினார். "உங்க வெப்சைட் திறக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம் போலிருக்கே. எங்க கடை வெப்சைட்டைப் பாத்துக்கற ஆளை அனுப்பறேன், இனிமே உங்களதையும் அவனே பாத்துக்கட்டும்."

பெரியவருக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல ஆளில்லையா? நாளைக்கு டீ குடிக்க வாங்க. என் போன்லயே திறந்து காட்டறேன். மெதுவா இருந்தா, மொத்தத்தையும் உங்க ஆள்கிட்டயே ஒப்படைச்சுடறேன்."

வீட்டு ஆள் என்றால் மருமகள்தான். காலையிலிருந்து லேப்டாப்பும் கையுமாக இருந்தாள். எங்கோ வாடகைக்கு எடுத்த லினக்ஸ் மெஷினில்தான் கடையின் வெப்சைட் குடியிருந்தது. அதில் ஒரு கேஷ் சர்வரை நிறுவியிருந்தாள். ஒருமுறை தயாரான பக்கத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்குச் சட்டென்று எடுத்து நீட்டுவது அதன் வேலை. ஆனால் அது கிளம்புவேனா என்று அடம் பிடித்தது.

"என்னம்மா சொல்லுது?"

"எண்பதாம் நம்பர் போர்ட்ல வெப் சர்வர் உக்காந்துட்டு இடம் விடமாட்டேங்குது மாமா. வாசல் ஒண்ணு, காவல்காரங்க ரெண்டு பேர்."

"பழையவனை உள்ளே அனுப்பு. வாசல்ல புதுசு நிக்கட்டும்."

"அதைத்தான் பண்றேன்." வெப் சர்வரை வேறு போர்ட்டுக்கு மாற்றி, கேஷ் சர்வரை வாசலில் நிறுத்தினாள். அது மறுபேச்சில்லாமல் ஓடத் தொடங்கியது. அவள் போனில் கடை கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு தம்முடைய போனில் திறந்தார்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"உங்க வாய் திறக்கிற வேகத்துல அது திறந்தா தேவலை" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

மருமகள் சர்வரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தாள். ஊரார் கேட்ட பக்கங்களை எல்லாம் கேஷ் சர்வரே கொடுத்திருந்தது. பெரியவர் கேட்டதை மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே அனுப்பியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, நீங்க முதலாளியா லாக்இன் ஆகியிருக்கீங்க. உங்க பக்கத்துல கொள்முதல் விலையெல்லாம் இருக்கு. அதை எடுத்து வெச்சு ஊருக்குக் காட்டக் கூடாதுன்னுதான், உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசா தயார் பண்ணுது. லாக்அவுட் பண்ணுங்க, பறக்கும்."

"என் கடையிலேருந்து நான் வெளியே போறதா?"

"சரி, பிரைவேட் ஜன்னல்ல திறந்து காட்டுங்க. அதுல நீங்க யாருன்னு கடைக்குத் தெரியாது."

"ஒளிஞ்சு நின்னு எட்டிப் பாக்க நான் என்ன திருடனா?"

வாய் இப்படி முழங்கினாலும் உண்மைக் காரணம் வேறு. வெப்சைட் தொடங்கிய நாளிலிருந்து அவர் லாக்அவுட் ஆனதே இல்லை. பாஸ்வேர்டு மறந்து எத்தனையோ காலமாயிற்று. முதலாளிக்கு மறந்துபோச்சு என்று யாரிடம் சொல்வது?

வாசலில் மணி அடித்தது.

"என்ன சம்பந்தி, எங்க ஆளை வரச் சொல்லட்டுமா?" சம்பந்தி செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

மருமகளின் முகத்தைப் பார்த்தார் பெரியவர். காலையிலிருந்து உழைத்த முகம். தன் கௌரவம் பெரிதா, வீட்டுக் கௌரவம் பெரிதா? முதுகை நிமிர்த்திக்கொண்டு லாக்அவுட்டை அழுத்தினார். பிறகு கடையைத் திறந்து போனை நீட்டினார்.

தட்டியதுதான் தாமதம், மெத்தைகள் வரிசைகட்டி வந்து நின்றன. சம்பந்தி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை திறந்தும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஏம்மா, எங்க கடை மெஷினையும் ஒரு தடவை பாத்துக் குடேன்."

வழக்கம்போல அவளுக்காகத் தாமே பதில் சொல்ல வாயெடுத்த பெரியவர், மூடிக்கொண்டார்.

"அடுத்த வாரம் வரேன் மாமா. உங்க ஆளையும் கூட இருக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

சம்பந்தி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "மறுபடி உள்ள போகணும்னா... அந்தப் பாஸ்வேர்டு..."

"புதுசா போட்டுத் தரேன் மாமா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அவசரமில்லை." வாடிக்கையாளராகவே அவர் தம் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று புருவம் நெரிந்தது. "என்னம்மா இது அநியாயம்! ஒரு தலையணைக்கு இந்த விலையா? எவன் போட்டான்?"

"நீங்கதான் மாமா."