மூங்கில் கேலரி

காத்தவராயன் கண்காட்சிக்கு நாற்காலி இறக்கப் போனவன். மில்லில் ஆட்குறைப்பு வந்த பிறகு, பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடையில் மூன்று சக்கரத் தட்டுவண்டி மிதித்துக்கொண்டிருந்தான். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகையில், ஊரின் விளையாட்டு, பொழுதுபோக்கு வரலாற்றைக் காட்டும் கண்காட்சிக்கு மறுநாள் திறப்பு விழா. துரைமார்கள் பெத்தாங்க் ஆட்டத்தில் உருட்டிய இரும்புக் குண்டுகளும் துருப்பிடித்த பந்தய சைக்கிளும் கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்தன. கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன், எதிர்ச் சுவரில் தன் மகளைப் பார்த்தான்.

பெரிய கறுப்பு வெள்ளைப் படம். கால்பந்து மைதானம். பின்னால் மூங்கில் கேலரி கொள்ளாத கூட்டம். மேல்வரிசையில் அவன் மைத்துனன் கோவிந்தராசுவின் தோளைப் பிடித்தபடி கமலவேணி நின்றாள். வாய் திறந்திருந்தது. கீழே அட்டையில், '1973 இறுதி ஆட்டம். ரசிகர்களின் உற்சாகம்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த ஆட்டத்தின் நடுவில்தான் கேலரி சரிந்தது. இரண்டு நாள் மழையில் ஊறிய கட்டுக்கயிறு பாரம் தாங்காமல் அறுந்துபோனது. செத்தவர்களில் கோவிந்தராசு ஒருவன், கமலவேணி ஒருத்தி. அவளுக்கு ஒன்பது வயது. கேலரி போட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷமும் அவர்களே போட்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி ஆதிலட்சுமி யானைக்கால் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். மகளை அவர்கள் போட்டோ எடுத்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த அன்றைக்கு அவளுக்கு அம்மை போட்டிருந்தது.

"நம்ம பொண்ணேதானா? நல்லாப் பாத்தியாய்யா?"

"என் பொண்ண எனக்குத் தெரியாதா? உற்சாகமாம், எழுதி வச்சிருக்கான். வுழுந்தத எழுதல. செத்தத எழுதல. நாளைக்குப் போயி கேக்கப் போறேன்."

"வேணாம்யா. நான் ஒரு தடவ பாத்துடுறேன். காய்ச்ச வுடட்டும், ரிக்ஷா வச்சிக் கூட்டினு போ. அதுக்கப்புறம் நீ இன்னா வேணா பேசு."

சரி என்றுதான் சொன்னான். ஆனால் மறுநாள் மாலை கால் அங்கேயே போய் நின்றது. பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி படத்தைப் பார்த்து, "எவ்ளோ சந்தோஷமா இருந்திருக்காங்க பாருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். காத்தவராயனால் பொறுக்க முடியவில்லை.

"சந்தோஷமா இல்லம்மா. இது இடிஞ்சி வுழுந்த கேலரி. மேல நிக்கிதே, அது என் பொண்ணு."

அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவன் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். எந்த மூங்கில் முதலில் விலகியிருக்கும், எங்கே கட்டு அறுந்தது என்று விரல் வைத்துக் காட்டினான். பொறுப்பில் இருந்த இளம் அதிகாரி தெய்வசிகாமணி அவனைத் தனியாக அழைத்துப் போனார்.

"பெரியவரே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இது எழவு சொல்ற எடம் இல்லையே."

"ரெண்டு வரி எழுதுங்க சார். அன்னிக்கு இது வுழுந்து ஜனம் செத்துச்சின்னு. அது போதும்."

"மேல கேட்டுச் சொல்றேன்" என்றார் அவர்.

நான்காம் நாள் அந்த இடத்தில் கோப்பையோடு நிற்கும் டென்னிஸ்காரர்களின் படம் மாட்டியிருந்தது. காத்தவராயன் பதறிப்போய் அதிகாரியைத் தேடி ஓடினான். தெய்வசிகாமணி அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எடுத்துடச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. நான் கேட்டது தப்பாப் போச்சு. படத்தக் குடுத்தவங்ககிட்டயே திருப்பி அனுப்பிட்டோம்."

"எழுத வேணாம் சார். நான் வாயே தொறக்கல. படத்த மட்டும் மாட்டுங்க, என் பொஞ்சாதி இன்னும் பாக்கல."

அவர் படம் கொடுத்தவரின் வீட்டு விலாசத்தைச் சொன்னார். காத்தவராயன் வண்டியை மிதித்துக்கொண்டு போனான். கதவு பூட்டியிருந்தது. போட்டோ எடுத்தவரின் விதவை அன்று விடியற்காலையிலேயே சாமான்களோடு பிரான்சுக்குக் கிளம்பிவிட்டதாகக் காவல்காரன் சொன்னான். திரும்பி வருவதாக இல்லையாம்.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆதிலட்சுமி குளித்து, தோய்த்த புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். "காய்ச்ச வுட்டுடுச்சி, போலாமா?" என்றாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தான்.

"அன்னிக்கு ரெட்ட ஜட போட்டு மடிச்சிக் கட்டி அனுப்பிச்சேன்" என்றாள் கடைசியில். "கலஞ்சிருந்துச்சா, அப்படியே இருந்துச்சா?"

காத்தவராயன் கண்ணை மூடிப் பார்த்தான். மூங்கில் தெரிந்தது. கட்டுக்கயிறு ஒவ்வொன்றும் தெரிந்தது. சடை மட்டும் தெரியவில்லை.

"அப்படியேதான் இருந்துச்சி" என்றான்.

"நெசமா பாத்தியா?"

அவன் எழுந்து வண்டியை ஓரம் கட்டப் போனான்.