சிலிண்டருக்குப் போட்ட பெல்ட்

பழவங்காடிப் பாத்திரக்கடைத் தாணுமாலையன் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சரக்கு, மனைவி செண்பகவல்லிக்கான ஆக்ஸிஜன் சிலிண்டர்தான். அதைத் தன் மாருதியின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பீடியைத் தொடாமல் மாட்டுவண்டி வேகத்தில் கொண்டுவருவார்.

செண்பகவல்லி மூச்சிரைக்கச் சிரிப்பாள். "எனக்கு ஒருநாளாவது இப்பிடி பெல்ட்டு மாட்டி விட்டிருக்கியளா? அவ என்ன புதுப்பெண்டாட்டியா?"

"அவ உன்னமாதிரி வாயாட மாட்டா, கேட்டியா."

செண்பகவல்லி போய்ச்சேர்ந்து, காரியமும் முடிந்த மறுநாள், திறக்காமலே மிஞ்சிய சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

"இனி எதுக்கு அத்தான் இந்த மரியாதையெல்லாம்? டிக்கியில தூக்கிப் போடும்" என்றான் அவள் தம்பி தங்கபாண்டி.

"சும்மா கெடடே."

முன்சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினார். கரமனைப் பாலத்தருகே குழியில் வண்டி குலுங்கியதும், இடக்கை தானாக நீண்டு அதை அணைத்துக்கொண்டது.

"மெதுவாத்தான் போறேன், வல்லி" என்றார்.