தங்கைக்கு முதல் டீசல்

மேட்டுச் சாலையில் என் லாரியை ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பி ஒரு சிரிப்பு வேறு. லாரி நிறைய டைல்ஸ் பெட்டிகள். ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து எனக்குக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். எஞ்சின் திக்கித் திணறி, வெள்ளைப் புகை விட்டு ஊர்ந்தது.

என் கணவர் மெக்கானிக். வீட்டில் வாய் திறக்க மாட்டார், பட்டறையில் வாய் மூட மாட்டார். டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். கறுப்புச் சேறும் தண்ணீரும் வழிந்தன.

"வண்டி மேல தப்பே இல்ல. உன் அண்ணன் பங்க்ல தண்ணி கலக்குறாரு."

"என் அண்ணனைச் சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"வரட்டும். அங்க டீசல் போடுற மத்த வண்டியெல்லாம் நல்லாத்தானே ஓடுது? உனக்கு மட்டும் ஏன் இப்படி?"

அதுதான் சுருக்கென்று தைத்தது. நான் லாரி வாங்கப்போகிறேன் என்றபோது, "பொம்பளைக்கு எதுக்கு லாரி?" என்று கேட்டவர் அண்ணன். நானும் பதிலுக்கு வாயடித்தேன். இரண்டு வருடம் முகம் பார்க்கவில்லை. துணிக்கடையை விட்டு அவர் பங்க் எடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. என் லாரி ஓடாது என்று நிரூபிக்கப் பார்க்கிறாரா? கேட்டால் உறவு முறிந்துவிடும். கேட்காவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

மறுநாள் அவரிடமிருந்து வழக்கமான போன். "டேங்கர் வந்துருக்கு, தங்கச்சி. உடனே வா." இந்த முறை சண்டைக்கென்றே போனேன்.

டேங்கர் அப்போதுதான் நிலத்தடித் தொட்டியில் டீசலை இறக்கிவிட்டுக் கிளம்பியது. வரிசையில் சில லாரிகள். அண்ணன் கையை விரித்துக் குறுக்கே நின்றார். "யாரும் தொடக்கூடாது. முதல்ல என் தங்கச்சி!"

"தாராளமா!" என்றார் முன்னால் நின்ற டிரைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அக்கா போடட்டும். நாங்க ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றோம்."

லாரிக்காரர்களுக்கு இவ்வளவு பெருந்தன்மையா? எனக்குப் பொறி தட்டியது. மெக்கானிக் பெண்டாட்டிக்கு இது இவ்வளவு தாமதமாகவா உறைக்க வேண்டும்! ஒரு கண்ணாடி பாட்டிலை நீட்டி, கொஞ்சம் டீசல் பிடிக்கச் சொன்னேன். கலங்கலாக விழுந்தது. சற்று நேரத்தில் தண்ணீரும் கசடும் அடியில் தனியாக இறங்கின.

அண்ணன் முகம் செத்துப்போனது. "இது எப்படிம்மா? புது சரக்காச்சே!"

"புதுசு விழுற வேகத்துல தொட்டி அடியில கிடக்குறதெல்லாம் மேல கிளம்பிடுதுண்ணே. அது தெளியுறதுக்குள்ள எனக்கு ஊத்திடுறீங்க. அவங்க அது தெரிஞ்சுதான் தூங்கப் போறாங்க."

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கெதுக்கு லாரின்னு கேட்டவன் நான். அதுக்காகத்தான், வேற யாரும் தொடுறதுக்கு முன்னாடி உன் வண்டிக்கு ஊத்தணும்னு..."

கொண்டுபோன சண்டையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அண்ணே, என்னை வேத்தாளா நினைச்சு கடைசில ஊத்துங்க, போதும்."

டீசல் தெளியும்வரை அவர் அறையில் உட்கார்ந்து, இரண்டு வருடக் கதையையும் பேசித் தீர்த்தோம்.

அடுத்த வாரம் அதே மேட்டில் சைக்கிள்காரரை முந்தினேன். சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கவும் மறக்கவில்லை. மேடு தாண்டி வண்டியை நிறுத்தியதும் போன் அடித்தது.

"தங்கச்சி, டேங்கர் வந்துருக்கு. இன்னைக்கு இந்தப் பக்கமே வந்துடாத!"

இவ்வளவு பாசமாக யாரும் என்னை வராதே என்று சொன்னதில்லை.