விட்டால் நிற்கும் வண்டி

"பிரேக் எங்க?" என்று கேட்டார் நிதானம்.

பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக் கவுன்ட்டரில் நின்றவன் இதே கேள்விக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பதில் சொல்பவன். "பிரேக் கிடையாது சார். வலது பிடிய விரலால இழுத்தா முன்னாடி போகும். இடது பிடிய இழுத்தா பின்னாடி வரும். கைய எடுத்தா நின்னுடும்."

"அவசரத்துக்கு?"

"அவசரத்துக்கும் அதேதான். விட்டுடணும்."

நிதானம் குனிந்து கால் வைக்கும் பலகையைப் பார்த்தார். ரப்பர் விரிப்பைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டிய மனுஷனுக்கு, மிதிக்க ஒன்றுமே இல்லாத வண்டி ஒரு வண்டியாகவே படவில்லை. டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்ததே அவருடைய வலது காலுக்காகத்தான். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டாம் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மகள்தான் அப்பாவையும் அம்மாவையும் இழுத்து வந்திருந்தாள். நாள் முழுக்க நடந்தாலும் சுற்றி முடியாத இடம். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகப் பூங்காவுக்கென்றே தனி பஸ்கள் ஓடின. அப்பாவுக்கு முட்டி வலியாயிற்றே என்று பேட்டரி ஸ்கூட்டரையும் அவளே வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

முட்டி வலி என்பது நிதானம் கட்டிவிட்ட கதை. முட்டி இரண்டும் கல்லு மாதிரி இருந்தன. சர்க்கரை முற்றி, இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய் எட்டு மாதம் ஆகிறது. தரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் கால் வைக்கிறார். ஒருநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தவரின் செருப்பு காலைவிட்டு வரவில்லை. மனைவி குனிந்து பார்த்தால், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. மகராசன் அந்த ஆணியோடு காய்கறி வாங்கி, பேரம் பேசி, இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார்.

"பொண்ணுகிட்ட மூச்சு விட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று அன்றைக்கே மனைவியை மிரட்டி வைத்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. எதற்கும் திறக்கவில்லை; அன்றிலிருந்து வீட்டில் பேச்சே பாதியாகிவிட்டது.

இவ்வளவு மூடுமந்திரமும் வருகிற திங்கட்கிழமைக்காக. அன்று முதல் ஒரு பள்ளிக்கூடத்தின் வேனை ஓட்ட அவரை வரச் சொல்லியிருந்தார்கள். உடல் தகுதிச் சான்று கொடுத்த டாக்டர் கண்ணைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. அவர் மறந்ததை இவர் ஏன் ஞாபகப்படுத்தப் போகிறார்?

அந்த வேலை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்றெல்லாம் இல்லை. ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் மரத்துப்போனது பாதம் மட்டுமில்லை, அதுதான் சங்கதி. கூடப் பிறந்த அண்ணன் இறந்துபோனபோது சிக்னலுக்குக் காத்து நிற்பதுபோல நின்றுவிட்டு வந்தார். மகளுக்குப் பதவி உயர்வு வந்தபோது "நல்லது" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகை வரவில்லை, சிரிப்பு வரவில்லை, கோபம்கூட முன்போல ஒழுங்காக வருவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பினார். முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை யோசிக்காமலும் இல்லை. யோசிப்பார். அதுவும் யார் வீட்டுக் கதையோ மாதிரிதான் இருக்கும்.

காலையில் முதல் பஸ்ஸை ஓட்டி வந்தது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வரிசையில் நின்ற கூட்டத்தைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, சரிவுப் பலகையை இறக்கினாள். பேட்டரி ஸ்கூட்டரில் வருகிறவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"உள்ள திருப்பி நிறுத்துறது கொஞ்சம் கஷ்டம் ஐயா. நீங்க இறங்கி உக்காருங்க, நான் நிறுத்தித் தரேன்."

"யாரு, எனக்கா?" என்றார் நிதானம்.

ஏறினார், ஒரு முறை முன்னால் போனார், ஒரு முறை பின்னால் வந்தார், சீட்டு ஓரமாகக் கோடு போட்டதுபோல நிறுத்தினார். சக்கரங்களுக்குப் பட்டை மாட்டக் குனிந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்களும் வண்டி ஓட்டுற ஆளா?"

"முப்பத்தொரு வருஷம். திங்கக்கிழமைலேர்ந்து ஸ்கூல் வேன்."

"அப்ப நம்ம ஆளு!" என்று சிரித்துவிட்டுப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். நிதானத்துக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைய பொழுது போன விதத்தைச் சொல்லிப் பெரிய லாபமில்லை. ராட்டினம் சுற்றியது, அவர் கீழே நின்று பார்த்தார். தண்ணீரில் படகு விழுந்தது, எல்லோரும் கத்தினார்கள், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படிப்பா இருக்கு?" என்று மகள் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் "நல்லாருக்கு" என்றார்.

சாயங்காலம் திரும்பும்போதும் அதே பெண், அதே பஸ். "வாங்க ஐயா, உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல" என்று அவளே வழிவிட்டாள். நிதானம் சரிவுப் பலகையில் ஏறி உள்ளே வந்தார். வெளியே வரிசை நகரத் தொடங்குவதற்கு முன்பே நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மாவின் கையை உதறிவிட்டு, முன்வாசல் வழியாக உள்ளே ஓடி வந்தது. நேராக அவர் வண்டிக்கு எதிரே வந்து நின்றது.

முப்பத்தொரு வருடப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? நிதானத்தின் வலது கால் ஓங்கிப் பிரேக்கை மிதித்தது. மிதிக்க அங்கே பிரேக் இல்லை. உடம்பு விறைத்தால் கையும் இறுகும். விட வேண்டிய விரல்கள் பிடியை இன்னும் இழுத்துப் பிடித்தன. ஸ்கூட்டர் முன்னால் பாய்ந்தது. ஓடி வந்த தாய் குழந்தையைச் சட்டையோடு பிடித்துத் தூக்கிவிட்டாள். குழந்தை நின்ற இடத்தைத் தாண்டிப்போய் வண்டி இரும்புக் கம்பத்தில் மோதியது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை. பஸ்காரப் பெண் பாய்ந்து வந்து சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் நிதானம். "பாப்பாக்கு ஒண்ணுமில்லயே?"

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. பஸ்காரப் பெண் கீழே குனிந்தாள்.

"ஐயா, கால்ல ரத்தம்."

மகள் பதறிப்போய் முன்னால் வந்தாள். "அப்பா! வலிக்குதாப்பா?"

நிதானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வலிக்க வேண்டும். இந்த இடத்தில் எவனாக இருந்தாலும் அலறியிருப்பான். வலிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் திங்கட்கிழமை போச்சு. உடனே முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, "ஸ்ஸ்... ஆமாம்மா, தாங்க முடியல" என்று வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பஸ்காரப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கால் இல்லைங்க ஐயா."

கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நசுங்கியிருந்தது இடது கால். ஷூவின் ஓரத்தில் ரத்தம் கசிந்து ரப்பர் விரிப்பில் பரவியிருந்தது. நிதானம் அதைப் பார்த்தார். வேறு யாருடைய ஷூவோ போல இருந்தது.

மகள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா" என்றாள் அம்மா.

பஸ்காரப் பெண் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த நிறுத்தத்தில் நர்ஸ் வந்து நிற்கும்படி வயர்லெஸ்ஸில் சொன்னாள். வண்டியை ஒதுக்கிப் பட்டை மாட்டினாள். எல்லாம் முடித்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போகுமுன் அவர் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள்.

"ஸ்கூல் வேன்னு சொன்னீங்களே ஐயா" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

பஸ் கிளம்பியது. எதிர் சீட்டில் தன் அம்மா மடியில் உட்கார்ந்து அந்தக் குழந்தை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலில் ஷூ கயிறு அவிழ்ந்து தொங்கியது. ஸ்கூட்டர் போன பாதையில் இந்தக் கால்கள் இருந்திருக்கும் என்று நிதானம் நினைத்தார். நினைத்ததும் பயந்துபோனார். மூன்று வருடமாக எதுவுமே வராத இடத்துக்கு வந்ததுதான் வந்தது, இந்தப் பயம் வந்தது.

போனை எடுத்துப் பள்ளிக்கூட மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார். திங்கக்கிழமை ஆறரைக்கெல்லாம் வந்துடுங்க."

"நான் வரலீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

"என்ன சார் திடீர்னு? உடம்புல எங்கயாவது வலியா? ரெண்டு நாள் கழிச்சு வேணா வாங்களேன்."

"வலி இல்லீங்க" என்றார் நிதானம். "வலியே இல்ல. அதான்."

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஹலோ ஹலோ என்றது அந்தப் பக்கம். இவர் அணைத்துவிட்டார்.

மகள் தரையில் உட்கார்ந்து, அவருடைய இடது பாதத்தைத் தன் மடியில் வைத்துத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கை அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இறங்கும் இடம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.