கிராணி வீட்டுத் தூறல்

ஆங்கில நாவலாசிரியர் ஒருவர், இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆனபின், மலாயாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தோணிதாஸ் வீட்டுக்குக் குடிவந்தார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுத்த அவசரகாலம், தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வாசல் காவலர்கள் அடையாள அட்டை கேட்டார்கள். செத்தவருக்கு அட்டை வேண்டுமா என்று சட்டத்தில் எதுவும் இல்லாததால், திரும்பிப் போகும்போது அரிசி கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டார்கள். அவருடைய நாவல்களை வரி விடாமல் படித்தவர் அந்த வட்டாரத்திலேயே அந்தோணிதாஸ் ஒருவர்தான். அதனால்தான் அங்கே வந்தார். கூடவே அவர் நாட்டுத் தூறலும் வந்து, கிராணி வீட்டின்மேல் மட்டும் விழுந்தது.

வந்த காரியத்தை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவருடைய சாவுக்குப் பெரிய பெரிய ஆட்கள் வந்து பேசினார்களாம். ஒருவரும் வாய்விட்டு அழவில்லையாம். யாராவது அழுதால்தான் மேலே போக முடியுமாம். தொழிலாளர் லயத்துக் காளியம்மா ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும் என்பது அந்தோணிதாஸுக்குத் தெரியும். மனிதர் மூச்சு விடவில்லை. ஆசை யாரை விட்டது? தாமும் ஒரு நாவல் எழுதி வைத்திருந்தார். பெரியவர் வாயால் 'நன்று' என்று ஒரு சொல் வாங்காமல் அனுப்புவதாக இல்லை. தினமும் படித்துக் காட்டினார். பெரியவர் முதல் பக்கத்திலேயே குறட்டை விட்டார். செத்தவரையே தூங்க வைத்த எழுத்து இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

ஈரத்தில் மகள் முரியலுக்கு நெஞ்சுச்சளி கட்டி, இருமல் நிற்கவேயில்லை. மனைவி மாடில்டா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தாமே போய்க் காளியம்மாவைக் கூட்டி வந்தார்.

"போனவரு கதை தெரியாம எப்படிங்க அழுவறது, கிராணி ஐயா?" என்றாள் காளியம்மா.

மகளின் இருமல் காதில் விழுந்தது. அந்தோணிதாஸ் தம் நாவலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: நாவல்களில் நல்ல பெண்களையெல்லாம் சாகடித்தது, ஊர் ஏசியதும் கவிதைக்குத் தாவியது, கட்டியவள் இருந்தவரை முகம்கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, அவள் செத்தபின் பாட்டுப் பாட்டாக எழுதியது. சொல்லும்போது மாடில்டாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த பெரியவரின் எதிரே உட்கார்ந்து காளியம்மா எடுத்தாள்:

"பக்கத்துல இருக்கையில பாக்காத என் ராசா,
பாடையில போனபின்ன பாட்டெழுதி என்ன செய்ய?"

ஒப்பாரி செத்தவர்களுக்கு எந்த மொழியிலும் புரியும். பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்தப் பாட்டை யார் கட்டியது என்று கேட்டார்.

"கிராணி சொன்னாரு, நான் இழுத்தேன். அவ்ளோதான் லா."

பெரியவர் எழுந்து அந்தோணிதாஸுக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். வேலி வாசலில் காவலர்கள் அரிசிக்காகச் சோதனை போட்டு அனுப்பினார்கள். தூறலும் நின்றது, முரியலின் இருமலும் நின்றது.

அடுத்த வாரம் அந்தோணிதாஸ் எழுத உட்கார்ந்ததும் மறுபடி தூறியது.

"அவருதான் போயிட்டாரே, இது யாரு மழை?" என்றார் மாடில்டா.

அந்தோணிதாஸ் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். நனைந்த கையைப் பார்த்தார், "என்னுதுதான்" என்றார், கண் கலங்கிவிட்டது. மாடில்டா அவருடைய மேசையைத் தூக்கிக் கோழிக்கூண்டுக்குள் போட்டார். அதன்பிறகு தூறல் கோழிக்கூண்டின்மேல் மட்டும் விழுந்தது. கோழிகள் பழகிக்கொண்டன.